தம்பி என்று எழுதியிருந்தது

ரிக்கார்டு ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் இதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் வருஷம் தூசிக்குத் தும்மல் வரும். இரண்டாம் வருஷம் தும்மலே அலுத்துப்போய் நின்றுவிடும். காகிதக் கட்டை எப்படிக் கட்டுவது, எதை எங்கே அடுக்குவது என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். என் சர்வீஸில் நான் செய்த தப்புகளில் பெரிய தப்பு ஒன்றைச் சொல்லத்தான் நான் இதை எழுதுகிறேன். சின்னத் தப்புகளையும் சேர்த்தால் புத்தகமாகிவிடும். அதற்கு முன்னுரை எழுத என் வீட்டுக்காரர் ரொம்ப நாளாகத் தயாராக இருக்கிறார்.

எழுபதுகளின் கடைசியில் நான் போடிக்கு மாற்றலாகி வந்தேன். ஆபீசுக்குப் பின்னால் ஒரு ஏலக்காய் குடோன் இருந்தது. அந்த வாசனைக்குத்தான் என் கட்டுகளில் பூச்சி அரிப்பதில்லை என்று பெருமை பேசுவேன். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு இன்னொரு பெருமை இருந்தது, அது உண்மை. யார் எந்தப் பழைய காகிதத்தைக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். அதனால் ஆபீசில் எனக்கு ‘வெரசக்கா’ என்று பேர். கேலியாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டம்போலச் சூடிக்கொண்டு திரிந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பரம்பரைக் கர்ணங்களை எடுத்துவிட்டார்கள். ஊர் ஊராக அவர்கள் வைத்திருந்த கட்டுகள் எங்களிடம் வந்து இறங்கின. அவற்றில்தான் அந்தக் கானேஷுமாரி நகல் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கைப் பழைய ஆட்கள் கானேஷுமாரி என்பார்கள். வீடு வீடாக எழுதிய தாள்களைக் கூட்டிப் பார்த்த பிறகு அரசாங்கம் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் மலையடிவாரத்தில் ஒரு கர்ணம், வெள்ளைக்காரன் காலத்தில் தான் கணக்கெடுத்த வீடுகளை எல்லாம் தன் கையாலேயே நகல் எழுதி வைத்திருந்தார். என்ன ஆசையோ. வீட்டுத் தலைவர் பேர், மற்றவர்கள் பேர், வயது, தலைவருக்கு என்ன உறவு, கடைசியில் குறிப்பு என்று கட்டம் போட்டு முத்து முத்தான எழுத்து. இப்படி ஒன்று வந்திருக்கிறது என்று டீக்கடையில் நானே பீற்றிக்கொண்டதில் ஊருக்குள் செய்தி பரவிவிட்டது.

ஒருநாள் காலையில் ராசிங்காபுரத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் முருகேசன். மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறவன், இருபத்தைந்து வயது இருக்கும். இன்னொருவர் சின்னக்காளை, அவன் வீட்டில் உயிரோடிருப்பவர்களில் மூத்தவர். எழுபதை ஒட்டிய வயது, எருமைக்குரல். அவனுக்குப் பூட்டன் முறை.

“தாயி, ஒரு ஆளு ஆருக்குப் பொறந்தவருன்னு பாக்கணும். ஒங்க ஏட்டுல இருக்குமாம்ல?” என்றார் சின்னக்காளை.

விஷயம் இதுதான். பழைய காலத்தில் மலையடிவாரத்தில் சுருளி என்று ஒருவர் இருந்தார். ஏலமலைக்கும் கீழுக்கும் பொதிமாடு ஓட்டியவர். மலைக்காய்ச்சலில் அவரும், அடுத்து அவர் மனைவியும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய சின்ன மகள் பொன்னம்மாளை அவளுடைய அத்தை ராசிங்காபுரத்துக்குக் கொண்டுவந்து வளர்த்துத் தன் மகனுக்கே கட்டிவைத்தாள். அந்தப் பொன்னம்மாளின் பேரன்தான் முருகேசன். சுருளி வீட்டில் வீரணன் என்று ஒரு பையனும் இருந்தான். அவன் மலைச்சரிவிலேயே தங்கிவிட்டான். பெரியவனாகிக் கல்யாணம் செய்த அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் பெரிய சண்டை வந்து, அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. வீரணனும் பிள்ளை தொட்டிலில் இருக்கும்போதே செத்துப்போனார். அந்தத் தொட்டில் பிள்ளை பெருமாளுடைய மகள் தவமணி.

முருகேசனின் ஜீப்பு தினமும் மேலே போனது. தவமணி மேலே இருந்தாள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. விட்டுப்போன சொந்தம் ஒட்டுகிறது என்று இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம். தை பிறந்தால் கல்யாணம் என்று பேசி முடித்த பிறகு, சின்னக்காளை வாயைத் திறந்தார். வீரணன் சுருளிக்கு மகன் இல்லை, தம்பி.

உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மகன் என்றால் வீரணனும் பொன்னம்மாளும் அண்ணன் தங்கை. அப்போது தவமணி முருகேசனுக்கு மாமன் மகள், கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம். தம்பி என்றால் வீரணன் பொன்னம்மாளுக்குச் சித்தப்பா. தவமணி ஒரு தலைமுறை மேலே ஏறிவிடுவாள். முருகேசனின் அப்பாவுக்குத்தான் அவள் முறைப்பெண். முருகேசனுக்கு ஆத்தா முறை. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

“ஒங்க அப்பத்தா பொன்னம்மா ஒண்ணும் சொன்னதில்லையா?” என்று முருகேசனைக் கேட்டேன்.

“சாகுற வரைக்கும் ‘மலையில இருக்க ஆளு’ம்பாகம்மா. அண்ணேன்னும் சொல்ல மாட்டாக, சித்தப்பன்னும் சொல்ல மாட்டாக. அம்புட்டு வெராப்பு.”

“நான் சொல்றேன் தாயி,” என்றார் சின்னக்காளை. “வீரணன் கல்யாணத்தன்னைக்கு ‘எங்கண்ணே சுருளி, எங்கண்ணே சுருளி’ன்னு அழுதாரு. எனக்குப் பன்னெண்டு வயசு. இந்த ரெண்டு காதால கேட்டேன். அந்த வீட்டுப் பொம்பளைகளும் அப்பிடித்தேன் சொல்லுவாகளாம், ‘அவுக அண்ணே சுருளி’ன்னு.”

நான் கட்டை இறக்கினேன். அரை மணி கூட ஆகவில்லை. சுருளி, தலைவர். அடுத்த வரியில் அவர் மனைவி. பொன்னம்மாள், வயது ஒன்று, மகள். கடைசி வரியில் வீரணன், வயது ஏழு. உறவு என்ற கட்டத்தில் ‘தம்பி’.

விரலை வைத்துச் சத்தமாக வாசித்தேன். வாசிக்கும்போது எனக்கு இருந்த குஷியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஒரு புதிரை அவிழ்த்துவிட்ட குஷி. எதிரே நின்றவன் முகம் செத்துப்போனது என் கண்ணில் படவே இல்லை.

“பாத்தியாடா! ஏடே சொல்லிருச்சு!” என்றார் பெரியவர்.

“நல்லாப் பாருங்கம்மா,” என்றான் முருகேசன்.

“எனக்குப் படிக்கத் தெரியாதா தம்பி? அச்சடிச்ச மாதிரி இருக்கு,” என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். நீங்கள் யாரும் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதீர்கள்.

மறுநாளே கல்யாணப் பேச்சு நின்றது. டீக்கடைக்காரர்தான் சொன்னார். ஐயோ பாவம் என்றேன். பிறகு, நல்லவேளை, முறைகெட்ட கல்யாணம் நடக்காமல் தடுத்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். கூடவே ஒல்லியாக, கன்னங்கரேல் என்று முடியோடு ஒருவர். வாசலில் நின்று அந்தப் பெண், “அண்ணே, நீ செத்த இந்தப் பெஞ்சில உக்காரு. நான் போயிக் கேட்டுட்டு வர்றேன்,” என்றாள். உள்ளே வந்து தன் பேர் தவமணி என்றாள். நம்ம குடோனில்தான் ஏலக்காய் ரகம் பிரிக்கிற வேலைக்கு இறங்கி வந்துபோய்க் கொண்டிருக்கிறாளாம். எட்டாவது வரை படித்தவள்.

“அந்த எழுத்த எனக்கு ஒருக்காக் காட்டுவீகளா?”

சத்தம் போடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் சும்மா நின்றாள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. பயத்தில் நான் எப்போதும் அதிகமாகப் பேசுவேன். வாசலைப் பார்த்து, “ஏம்ப்பா, நீயாவது தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா? வேற எடம் கெடைக்காதா?” என்றேன்.

அவர் எழுந்து நின்றார். “நான் இவளுக்கு அப்பன்மா. எம் பேரு பெருமாளு.”

“பிறகு அண்ணேங்குது?”

“அது எங்க வீட்டுப் பழக்கம். எனக்குப் பின்னாடி சின்னம்மா மக்க நாலு பேரு. எல்லாரும் அண்ணே அண்ணேம்பாக. இவளும் அதைக் கேட்டே வளந்தா, அதுவே நின்னுபோச்சு. எங்க தெருவுல அப்பனை அப்பான்னு கூப்பிடற பிள்ளை ரெண்டு மூணுதேன்.”

அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத்தான் தலையில் யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியது மாதிரி இருந்தது.

வெட்கக்கேட்டைச் சொல்கிறேன் கேளுங்கள். எங்கள் வீட்டில் என் அம்மாவை நாங்கள் ஐந்து பிள்ளைகளும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சித்தி, மாமா எல்லாம் அக்கா என்று கூப்பிட, எங்களுக்கும் அவர் அக்கா. அவர் சாகும்வரை நான் அம்மா என்று கூப்பிட்டதில்லை. அப்படி வளர்ந்தவள், ஏழு வயதுப் பையனின் பேருக்கு எதிரே ‘தம்பி’ என்று பார்த்ததும், அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் சொந்த வீடு மறந்துபோகும் போலிருக்கிறது.

கட்டை அவிழ்த்து அந்தப் பக்கத்தை அவள் முன்னால் வைத்தேன். விரலை வைத்துக் காட்டினேன். தவமணி ‘தம்பி’யைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

“கைய எடுங்கம்மா. கீழ என்னமோ எழுதியிருக்கு.”

எடுத்தேன். குறிப்பு என்ற கட்டத்தில் பொடி எழுத்தில் இருந்தது. ‘ஆள் மலையில். பையன் சொன்னது.’

போன தடவையும் என் விரல் அந்த எழுத்தின் மேல்தான் இருந்திருக்கிறது. மேலும் கீழும் மற்ற வீடுகளைப் பார்த்தேன். ‘தலைவர் சொன்னது’, ‘தலைவர் சொன்னது’, ஒரு இடத்தில் ‘தாயார் சொன்னது’. இந்த ஒரு வீட்டில்தான் பையன் சொன்னது.

“அவன் ஆத்தா வீட்டுல இருந்திருக்கா. அவ சொல்லாம ஏன் சின்னப்பய சொன்னான்?” என்று தவமணி கேட்டாள்.

அதற்கு மட்டும் எனக்கு உடனே பதில் தெரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பெரிய கிளார்க் என் புருஷன் பேரைக் கேட்டார். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள், வாய் வரவில்லை. காகிதத்தை வாங்கி எழுதிக் கொடுத்தேன். படித்த நானே அப்படி என்றால், எழுதத் தெரியாத அந்தப் பெண் என்ன செய்வாள்? கைப்பிள்ளையோடு கதவுக்குப் பின்னால் நின்றிருப்பாள். வீட்டுக்காரர் பேர் என்ன என்று கர்ணம் கேட்டிருப்பார். அவள் மகனைப் பார்த்திருப்பாள். அவன், ‘எங்கண்ணே பேரு சுருளி’ என்றிருப்பான். அப்பனை அவன் கூப்பிடுவது அப்படித்தான். கர்ணம் வெளியூர்க்காரர். அண்ணன் என்றால் இவன் தம்பி என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.

இதைச் சொன்னதும் வாசலில் இருந்த பெருமாள் உள்ளே வந்துவிட்டார். “அப்ப சுருளி எனக்குத் தாத்தாவாம்மா?”

அந்த மனிதருக்கு அப்பா முகம் தெரியாது. சுருளி இல்லை என்றால் அப்பாவின் அப்பா யார் என்றும் தெரியாது. மகள் கல்யாணத்தோடு சேர்த்து அவருக்கு இன்னொன்றும் கையை விட்டுப் போயிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

“இருக்கலாம்யா. ஆனா இப்பச் சொன்னது என் நெனப்பு. போன வாரம் ஒரு நெனப்பைச் சொல்லித்தான் ஒங்க குடியைக் கெடுத்தேன். இன்னொரு நெனப்பைச் சொல்லி மறுபடியும் கெடுக்க மாட்டேன்.”

தவமணி பக்கத்தை மூடி என்னிடம் கொடுத்தாள். “நாங்க ஒரு காயைப் பாத்து மூட்டைய மதிக்க மாட்டோம்மா. கையவிட்டு அடி வரைக்கும் பாப்போம்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் ரொம்ப உறைத்தது. போகும்போது, “வர்ற வெள்ளிக்கெழம தேவாரம் ஊருல அவருக்கு வேற பொண்ணு பாக்கப் போறாகளாம்,” என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குச் செவ்வாய்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் வம்பு என்றால் காத தூரம் ஓடுவார். “நீங்க ஏட்டுல இருந்ததைத்தானம்மா படிச்சீங்க. தப்பு எழுதினவன் மேல. அவன் செத்து எத்தனை வருஷமாச்சோ. விட்டுத் தள்ளுங்க,” என்றார்.

பிள்ளைகளே, இந்த வேலையில் ரொம்ப வசதியான மறைவிடம் இதுதான். ஏட்டில் இருந்தது, படித்தேன். யாரும் நம்மைக் கேட்க முடியாது. அன்றைக்கு அந்த மறைவில் நான் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். என்னால் முடியவில்லை. ஆனால் ராசிங்காபுரத்துக்குப் போய் என்ன சொல்வது? பெரியவர் காதால் கேட்டது ஒரு சாட்சி, ஏடு ஒரு சாட்சி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர். வீரணன் ‘அண்ணே’ என்று கூப்பிட்டதைத்தான் கர்ணமும் கேட்டார், பெரியவரும் கேட்டார். அதைத் தள்ளிவிட்டால் கையில் வேறென்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. அவர் தம்பி என்பதற்கும் ஆதாரம் இல்லை, மகன் என்பதற்கும் இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். சின்னக்காளை மாட்டுத் தொழுவத்தில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். முருகேசனின் அப்பாவும் இருந்தார். முருகேசன் ஜீப்பைக் கழுவுகிறேன் என்று, ஏற்கெனவே கழுவின இடத்தையே கழுவிக்கொண்டிருந்தான்.

“நான் அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன்யா. தப்பு எம் பேர்ல,” என்று தொடங்கி, அண்ணே கதையைச் சொன்னேன்.

பெரியவர் வைக்கோலை உதறினார். “அதெல்லாம் செல்லாது தாயி. ஏட்டுலயே இருக்குன்னு நீதேன சொன்ன? இப்ப ஏடு பொய்யின்னா, நாளைக்கு என்ன சொல்லுவ?”

என்னுடைய வாக்கியத்தாலேயே என்னை அடித்தார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தபோதுதான், அடிவரைக்கும் கையைவிட்டுப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. ஆள் யார் என்று எல்லோரும் கேட்டோம். சண்டை எதற்கு என்று யாருமே கேட்கவில்லை.

“போகட்டும்யா. அந்தக் கல்யாணத்துல என்னதான் சண்டை? அம்பது வருசத்துக்கு மேலயா பேசாம இருக்கிற அளவுக்கு?”

அவ்வளவுதான். பெரியவர் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டார். அதைச் சொல்ல ஒரு ஆள் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

“அதை ஏன் கேக்குற! கெடா வெட்டிப் பெரிய விருந்து. கறி கொதிக்கிற வாசம் தெருக்கோடி வரைக்கும் வருது. எங்க பெரியண்ணே, பொன்னம்மாள வளத்த அத்தைக்குப் புருசன், மாலைய எடுத்து மொதல்ல வீரணன் கழுத்துல போட்டுட்டாரு. பொட்டிபுரத்து மொக்கராசுன்னு ஒருத்தரு. பனைமரம் கணக்கா இருப்பாரு. வந்து அந்த மாலையப் புடுங்கி எறிஞ்சுட்டாரு. ‘தாய்மாமன் நான் உசுரோட நிக்கையில மொத மாலை போட நீ எவன்டா?’ன்னாரு பாரு. எங்கண்ணே விடுவாரா? கைகலப்பாயிப் போச்சு. வீரணன் நடுவுல நின்னு ‘எங்கண்ணே சுருளி இருந்தா இப்பிடி நடக்குமா’ன்னு அழுகுறாரு. ‘எந்திரிங்கடா எல்லாரும்’னு எங்கண்ணே கத்துனாரு. எனக்கு முன்னாடி எலை போட்டாச்சு. கறி வைக்கல, சோறு மட்டும் வச்சிருக்காக. அப்பிடியே எந்திரிச்சு வந்தோம் தாயி! ராசிங்காபுரம் வர வரைக்கும் அழுதேன். அண்ணே மானத்துக்கு அழுகுறேன்னு எல்லாரும் நெனச்சாக. நான் கறிக்கு அழுதேன்.”

முருகேசனின் அப்பா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. வெரசக்கா என்று பேர் வாங்கினவள், அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தேன்.

“அந்த மொக்கராசு வீரணனுக்கு யாருங்கய்யா?”

“அதேன் சொல்றேன்ல. தாய்மாமன். அவருக்குத்தேன் மொத மாலைன்னு ஊரே அவரு பக்கம் பேசுச்சு. நாயம் அவரு பக்கந்தேன். எங்கண்ணே செஞ்சது தப்பு. இப்பச் சொல்றதுக்கு என்ன?”

“சரிய்யா. பொன்னம்மாளுக்குத் தாய்மாமன் யாரு?”

“அவளுக்கும் பொட்டிபுரந்தேன். அவ ஆத்தா கூடப் பொறந்தவரு. காதுகுத்துக்கு அவரு மடியிலதேன் வச்சாகன்னு எங்க மதினி சொல்லும். அதே மொக்க…”

நிறுத்தினார். மாடு தலையை ஆட்டியது, மணிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் முருகேசனின் அப்பாவைப் பார்த்தார். அந்த அப்பாவின் சிரிப்பும் நின்றுபோயிருந்தது. ஜீப்புப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் நின்றுவிட்டது.

நான் எதுவும் சொல்லவில்லை. விளக்கம் சொல்ல எவ்வளவோ இருந்தது. வீரணன் சுருளிக்குத் தம்பியாக இருந்தால் மொக்கராசு வெறும் அண்ணனின் மச்சினன், வீரணன் கழுத்தில் முதல் மாலை போட அவருக்கு என்ன உரிமை என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பெரியவர் அடம்பிடித்திருப்பார். சும்மா இருந்ததுதான் அந்த வருஷம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

“ஒரு மாமன்னா…” என்றார் சின்னக்காளை, தனக்குத்தானே. “ஒரு மாமன்னா ஒரு ஆத்தா. ஒரு ஆத்தான்னா… ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைகளா?” பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டார். “அட கிறுக்கு மூதி! இந்தக் கதைய நூறு வாட்டி சொல்லியிருக்கேனேடா! ஒருத்தனாவது கேட்டீங்களாடா?”

“நீங்க கறியத்தானய்யா சொல்லுவீக,” என்றார் முருகேசனின் அப்பா.

பெரியவர் எழுந்து முருகேசனிடம் போனார். பேரன் கையில் ஈரத்துணியோடு நின்றான். “டேய், அவ ஒனக்கு மாமன் மகடா. நாந்தேன் குறுக்க விழுந்துட்டேன். கோவிச்சுக்காத அப்பு,” என்றார். அவ்வளவு பெரிய குரல், ஆனால் அதை மெதுவாகத்தான் சொன்னார். முருகேசன் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு அந்த ஜீப்பு போடிக்கு வந்த வேகத்தில், அந்தக் கானேஷுமாரியில் பேர் இருக்கிற எல்லோரையும் நேரிலேயே பார்த்துவிடுவேன் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பக்கத்தில் ‘தம்பி’யை அடித்து ‘மகன்’ என்று எழுதினீர்களா என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதவில்லை. நம்முடைய கை அதில் படக் கூடாது. அந்தக் கர்ணம் கேட்டதைத்தான் எழுதினார், யார் சொன்னது என்பதையும் நாணயமாக எழுதி வைத்தார். அந்த மூன்றாவது சொல்லையும் நான்காவது சொல்லையும் படிக்காதது என் குற்றம். அந்த முன்பின் தெரியாத மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஏட்டைப் பார்க்கும்போது யார் எழுதியது என்று பார்க்காதீர்கள், யார் வாயிலிருந்து வந்தது என்று பாருங்கள். எதிரே நிற்பவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாசியுங்கள். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

மார்கழிக் கடைசியில் பெருமாள் ஆபீசுக்கு வந்தார். துணிப்பையில் கல்யாணப் பத்திரிகைகள். தாம்பாளம் இல்லை என்று வருத்தப்பட்டு, என் மேஜையில் கிடந்த பழைய அட்டையின் மேல் வெற்றிலையையும் பத்திரிகையையும் வைத்துக் கொடுத்தார். நான் வாங்கிப் படித்துவிட்டு, “நல்லா அடிச்சிருக்காங்கய்யா,” என்றேன். அவர் போகவில்லை, நின்றார்.

“எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா. எம் பேரு போட்டிருக்கிற எடத்தை மட்டும் வாசிங்க.”

வாசித்தேன். “மலைச்சரிவு சுருளி அவர்கள் பேரனும், வீரணன் அவர்கள் மகனுமான பெருமாள்…”

“மெதுவா வாசிங்கம்மா.”

மறுபடியும் வாசித்தேன், மெதுவாக. அவர் குனிந்து, “இதுல பேரன்னு இருக்கிற எழுத்து எது?” என்று கேட்டார். காட்டினேன். ஏலக்காய்ச் செடிகளுக்கு நடுவிலேயே நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்த அந்த விரல், அந்த மூன்று எழுத்தின் மேல் வந்து நின்றது.

“இம்புட்டுதேனா?” என்றார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று ஞாபகப்படுத்தினேன். அடுத்த பஸ்சில் போய்க்கொள்கிறேன், இன்னொருதரம் வாசியுங்கள் என்றார்.